சகி பஹன்

“யே ஆப்கி சகி பஹன் ஹை?” என்று டாக்டரம்மா என்னைக் காட்டிக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டு, “ஹாங், சகி” என்று தலையையும் ஆட்டிவிட்டார். போர்ட் பிளேரில் ஓர் ஆஸ்பத்திரி. சுனாமி வந்து போய்ப் பத்து வருஷம் ஆகியிருந்தது. அக்காவுக்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய் என்று அந்த வாரம்தான் தெரிய வந்திருந்தது.

இந்தச் சொல்லைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். தமிழில் சகி என்றால் தோழி. வீட்டில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை, பாட்டில்தான் வரும். ஹிந்தியில் சகி பஹன் என்றால் ஒரு வயிற்றில் பிறந்த சகோதரி. பெரியப்பா மகள், சித்தி மகள் கதையெல்லாம் அதில் செல்லாது. தீவில் பெங்காலி, தெலுங்குக்காரர், மலையாளி எல்லோருக்கும் பொதுப் பேச்சு ஹிந்திதான். எனக்குப் பள்ளிக்கூட ஹிந்தியும் தெரியும், மீன் மார்க்கெட் ஹிந்தியும் தெரியும். அக்காவுக்கு ஹிந்தி தெரியாது. தோழியா என்று கேட்கிறார்கள் என நினைத்து ஆமாம் என்கிறார் என்பது என் கணக்கு. சுனாமிக்குப் பிறகு எங்களைத் தங்க வைத்த கேம்ப்பிலும் அவர் இதே தப்பைத்தான் செய்தார்.

நாங்கள் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள் இல்லை. ஒரே தீவுகூட இல்லை. அக்கா இலங்கையில் தேயிலைத் தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீடான லயத்தில் பிறந்து, சிறுமியாகக் கப்பலேறி, கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேற்றப்பட்டவர். என் குடும்பம் வெள்ளைக்காரன் இங்கே கைதிகளை அடைத்து வைத்திருந்த காலத்திலேயே வந்து தங்கிவிட்டது. வேறொரு தீவில், ஹட் பேயில், கப்பல் வந்து நிற்கும் ஜெட்டிக்குப் பக்கத்தில் அப்பா ஒரு சின்னக் கடை வைத்திருந்தார். கடல் உள்ளே வந்த காலையில் நான் மேட்டுப் பக்கம் போயிருந்தேன். திரும்பி வர வீடும் இல்லை, அப்பா அம்மாவும் இல்லை. கச்சாலில் அக்காவின் வீட்டுக்காரரும் அப்படியே போனார். இதற்கு மேல் அதை எழுத எனக்கு மனசு வரவில்லை.

போர்ட் பிளேரில் ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் எங்களை உட்கார வைத்திருந்தார்கள். நான் யாரோடும் பேசவில்லை. வீம்பெல்லாம் இல்லை, பேச்சு வரவில்லை, அவ்வளவுதான். தகரக் கொட்டகை ஒதுக்குவதற்காக ஓர் அதிகாரி குடும்பம் குடும்பமாகப் பிரித்துக்கொண்டு வந்தார். ஆள் துணை இல்லாத பெண்களை வேறெங்கோ அனுப்பப் போகிறார்கள் என்று வராந்தா முழுக்கப் பேச்சு. அதிகாரி என்னைக் காட்டி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாவிடம் சகி பஹனா என்று கேட்டார். அதுவரை அந்த அம்மாவின் முகத்தைக்கூட நான் சரியாகப் பார்த்திருக்கவில்லை. அவர் ஆமாம் என்றார். எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரு தகர அறை கிடைத்தது. பாவம், இந்தம்மாவுக்கு ஹிந்தி புரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அதைத் திருத்தவும் எனக்கு வாய் வரவில்லை.

என்னைப் பேச வைத்ததும் அக்காவின் ஹிந்திதான், அதாவது அவருக்கு ஹிந்தி தெரியாதது. ரேஷன் கொடுக்கிற இடத்தில் அரிசியா ஆட்டாவா என்று கேட்டால் அக்கா திருதிருவென்று முழிப்பார். பின்னால் நிற்பவர்கள் கத்துவார்கள். நான் பக்கத்தில் மரமாக நிற்பேன். ஒருநாள் பொறுக்க முடியாமல், அரிசி கொடுய்யா என்று ஹிந்தியில் நானும் கத்திவிட்டேன். கேம்ப்புக்கு வந்தபின் என் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அதுதான். அன்றிலிருந்து மண்ணெண்ணெய், மருந்துக்கடை, பஸ் கண்டக்டர் எல்லாம் என் பொறுப்பாகிவிட்டன. பிறகு போர்ட் பிளேரிலேயே டெய்ரி ஃபார்ம் என்கிற பகுதியில் வாடகைக்கு வீடு பிடித்தோம். வீட்டுக்காரரோடு தண்ணீருக்காகச் சண்டை போடுவதும் நான்தான். எனக்கு வாய் நீளம் என்று டெய்ரி ஃபார்மில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கப்பல் டிக்கெட் கவுண்டரில் காண்ட்ராக்ட் வேலை கிடைத்ததும் அந்த வாயால்தான்.

அக்கா காலையில் தேங்காய் ரொட்டியும் மிளகாய்ச் சம்பலும் செய்து ஒரு கேன்டீனுக்குக் கொடுப்பார். சாயங்காலம் நான் வேலை விட்டு வந்ததும் தேத்தண்ணி. பால் கிடையாது, வெறும் சாயம். சீனியை அதில் போட்டுக் கலக்க மாட்டார். உள்ளங்கையில் ஒரு குவியலாக வைத்து, நாக்கால் தொட்டுத் தொட்டுக் குடிக்க வேண்டும். லயத்தில் அப்படித்தானாம். முதலில் எனக்கு அருவருப்பாக இருந்தது. அப்புறம் அது இல்லாவிட்டால் சாயங்காலம் வந்த மாதிரியே இருக்காது. நான் சர்க்கரை என்பேன், அவர் சீனி என்பார். ஹிந்தியிலும் கிட்டத்தட்ட அதே சீனிதான் என்பதால் மளிகைக்கடையில் அவர் கட்சிக்கே ஓட்டு விழும்.

தகரக் கொட்டகையில் இருக்கும்போதே அவருக்குச் சர்க்கரை வியாதி வந்துவிட்டது. அவர் ஊர்ப் பேச்சில் வியாதிக்கு வருத்தம் என்று பெயர். “எனக்குச் சீனி வருத்தமாம் புள்ள” என்று அவர் வந்து சொன்னபோது, டப்பாவில் சீனி தீர்ந்ததற்கா இப்படி முகம் வாடிப்போய் நிற்கிறார் என்று நினைத்து நான் கடைக்குக் கிளம்பிவிட்டேன். அவருடைய அம்மாவுக்கும் அந்த வருத்தம் இருந்ததாம், பெரியம்மாவுக்கும் இருந்ததாம்.

அதற்குப் பிறகு அவர் வெறும் சாயம் குடித்தார். எனக்கு மட்டும் கையில் சீனி. முன்பு வைத்ததைவிடப் பெரிய குவியலாக வைப்பார். எதற்கு இவ்வளவு என்று கேட்டால், “நீ தின்னு, எனக்கு இனிச்சிரும்” என்பார். நான் நக்குவதைக் கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். இடையில் எனக்கு ஒரு வரன் வந்தது. அக்காவும் என்னோடு வருவார் என்று நான் சொன்னேன். வந்தவர்கள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு நல்ல பிள்ளைகளாகக் கப்பலேறிப் போனார்கள். எனக்கு அதில் துளிகூட வருத்தமில்லை, இரண்டு அர்த்தத்திலும்.

மாதவிலக்கு நின்று வருஷங்கள் ஆனபின் அக்காவுக்கு மறுபடி ரத்தம் பட ஆரம்பித்தது. என்னிடம் மறைத்தார். கொல்லையில் கொடியில் காய்ந்த துணிகளைப் பார்த்துத்தான் நான் கண்டுபிடித்தேன். அன்றைக்கு அவரை ஏசிய ஏச்சு பக்கத்து வீட்டுப் பெங்காலிக்காரம்மாவுக்கே புரிந்திருக்கும். இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். சதையை எடுத்துச் சோதித்தார்கள். சீக்கிரமே பிடிபட்டிருக்கிறது, மெயின்லேண்ட் போய் கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வார், தள்ளிப் போடக் கூடாது என்றார்கள். சென்னைக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

அந்த டாக்டரம்மா மெயின்லேண்டிலிருந்து ஓர் ஆராய்ச்சிக்காகச் சில மாதங்களுக்கு வந்திருந்தவர். தமிழ் தெரியாது. அவர் சொன்னதை நான்தான் அக்காவுக்குத் தமிழில் சொன்னேன். உடம்பின் ஒவ்வொரு உயிரணுவிலும் அப்பா அம்மாவிடமிருந்து வந்த மரபணுக்கள் இருக்கின்றன. அவற்றில் ஆளுக்கு ஆள் சின்னச் சின்ன மாற்றங்கள் இருக்கும். பெரும்பாலானவை ஒன்றும் செய்யாது. சில மாற்றங்கள் இருப்பவர்களுக்குச் சர்க்கரை வியாதி வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடும். அதே மாற்றங்கள் புற்றுநோய் வாய்ப்பையும் கூட்டுகின்றனவா என்றுதான் அவரைப் போன்றவர்கள் பார்க்கிறார்கள். கூட்டலாம், கூட்டாமலும் போகலாம். சர்க்கரையைக் கொண்டுவரும் ஒரு மாற்றம் ஏதோவொரு புற்றுநோயைக் கொஞ்சம் தள்ளி வைப்பதும் உண்டாம். இன்னும் சரியாகத் தெரியாது என்பதை அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அது எனக்குப் பிடித்திருந்தது. தெரியாது என்று சொல்கிற ஆளை எங்கள் கவுண்டர் ஆபீசில் நான் பார்த்ததே இல்லை.

கூடப் பிறந்தவர்களுக்கு இந்த மாற்றங்களில் ஏறக்குறையப் பாதி பொதுவாக இருக்கும், அதனால் தங்கச்சியும் ரத்தம் கொடுத்தால் உதவியாக இருக்கும் என்று டாக்டரம்மா முடித்தார். நான் அதை அக்காவுக்குச் சொல்லாமல் விழுங்கப் பார்த்தேன். ஆனால் அக்காவின் முகம் அதற்குள் வெளுத்துவிட்டது. டாக்டரம்மா கை காட்டிப் பேசியதிலேயே புரிந்துகொண்டார் போல என்று அப்போது நினைத்தேன். என் மணிக்கட்டைப் பிடித்த பிடியை ஆட்டோவில் ஏறும்வரை அவர் விடவில்லை.

மறுநாளிலிருந்து என் கையில் சீனி கிடையாது. பாகற்காய், வெந்தயத் தண்ணீர் என்று எனக்குத்தான் பத்தியம். நோயாளி யார் என்றே வீட்டில் தெரியவில்லை. அதோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். நான் டிக்கெட் போட்டு வந்த அன்றைக்கு அக்கா பெட்டியை எடுக்கவே மறுத்துவிட்டார்.

“உனக்கு அது இல்லன்னு தெரிஞ்சாத்தான் நான் கப்பல் ஏறுவேன். என் வருத்தம் உனக்கு வந்துரக் கூடாது.”

அந்தப் பரிசோதனை பலருடைய ரத்தத்தைச் சேர்த்துப் பார்க்கிற ஆராய்ச்சி, மாதக்கணக்கில் ஆகும், தனி ஆளுக்கு வரும் வராது என்று அதில் சொல்ல மாட்டார்கள் என்றெல்லாம் எடுத்துச் சொன்னேன். அக்கா சட்டியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அந்தக் கப்பல் எங்களை விட்டுவிட்டுப் போனது. நான் கொடுக்கிற கவுண்டரிலேயே எங்கள் டிக்கெட்டை நானே கேன்சல் செய்தேன். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் வரிசையில் நின்றவர்கள்தான் மாட்டினார்கள்.

தனியாகப் போய் டாக்டரம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். நாங்கள் கூடப் பிறந்தவர்கள் இல்லை, கேம்ப்பில் வந்த ஒரு வார்த்தைக் குழப்பம், என் ரத்தத்தை அவரோடு சேர்த்துப் பார்த்தால் உங்கள் வேலை கெட்டுவிடும் என்றேன். அவர் கோபப்படவில்லை. அப்படியானால் இதை அவரிடம் சொல்லிவிடு, அவர் பயம் தீரும், ஆபரேஷன் காத்திருக்காது என்றார். பிறகு, ஒரே சமையலில் இத்தனை வருஷம் சாப்பிட்டிருக்கிறாயே, சர்க்கரை மரபணுவால் மட்டும் வருவதில்லை, நீயும் ஒரு தடவை பார்த்துக்கொள் என்று அங்கேயே என் ரத்தத்தைச் சோதிக்கச் சொன்னார். எனக்கும் சர்க்கரை ஏறியிருந்தது. ஆரம்பம்தான், கட்டுப்படுத்தலாம் என்றார்.

அந்த விஷயத்தை முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். இதைச் சொன்னால் அக்கா சாகும்வரை கப்பலேற மாட்டார். மற்றதை, அதாவது நாங்கள் கூடப் பிறக்கவில்லை என்று அவரே மறந்துவிட்டதை, சொன்னால் ஏறுவார். ஆனால் அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. பத்து வருஷத்தில் நாங்கள் அதை ஒருமுறைகூட வாய்விட்டுப் பேசியதில்லை. உலகத்தில் எனக்கென்று இருக்கிற ஒரே ஆளிடம் போய், நீ எனக்கு யாருமில்லை என்று எந்த வாயால் சொல்வது?

அவர் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். நான் எதிரே உட்கார்ந்தேன்.

“அக்கா, சகின்னா ஹிந்தியில தோழி இல்ல. ஒரு வயித்துல பொறந்தவங்க. நீங்க அர்த்தம் தெரியாம சொல்லிட்டீங்க. உங்க ரத்தம் வேற, என் ரத்தம் வேற. உங்க வருத்தம் எனக்கு வராது.”

துருவுகிற சத்தம் நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை. தேங்காய் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்.

“நெசமா உனக்கு வராதுல்ல?”

“வராது.”

“அப்பச் சரி. டிக்கெட்டப் போடு.”

அவ்வளவுதான். நான் கொல்லைப் பக்கம் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

கப்பலில் அக்கா என்னை ஒருமுறைகூட ஏசவில்லை. நான் தலை வாராமல் இருந்தேன், சாப்பாட்டை மிச்சம் வைத்தேன், வேண்டுமென்றே ஈரத் துண்டை அவர் படுக்கை மேல் போட்டேன். ஒன்றும் சொல்லாமல் எடுத்துக் காயப் போட்டார். தண்ணீர் எடுத்துக் கொடுத்தால், உனக்கு எதுக்குச் சிரமம் என்றார். பத்து வருஷத்தில் அந்த வார்த்தை அவர் வாயில் வந்ததே இல்லை. திட்டு வாங்காமல் இருப்பது இப்படி வலிக்கும் என்று எனக்குத் தெரியாது. தகர அறையில் சேர்ந்திருந்த இரண்டு பேர் மறுபடி அந்த வராந்தாவுக்கே வந்துவிட்டோம் என்றுதான் தோன்றியது.

சென்னையில் ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஒரு நர்ஸ் வந்து, கூட வந்திருப்பது யார், சொந்தமா என்று தமிழில் சாதாரணமாகத்தான் கேட்டார். தெரிஞ்சவங்க என்று அக்கா சொல்லிவிட்டால் என்ன செய்வேன் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“கூட இருக்கிறவ” என்றார் அக்கா.

நர்சுக்கு அது போதுமாக இருந்தது. எனக்குப் போதவில்லை. ஆனாலும் கேட்கிற நேரமா அது?

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வேறெங்கும் பரவவில்லை என்றார்கள். அக்கா எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்த அன்றைக்கு, இனிமேல் தாங்குவார் என்று எனக்குச் சர்க்கரை இருப்பதைச் சொன்னேன். எனக்கும் சீனி வருத்தம் அக்கா என்று அவர் சொல்லிலேயே சொன்னேன். அவர் என் கையை இழுத்து, உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். அதில் இன்னும் சீனி இருக்கிற மாதிரி விரலால் துடைத்தார். நான் வச்சதுதானே எல்லாம் என்று கண் கலங்கினார். பொறப்புல குடுக்க முடியாததைக் கையில வச்சுக் குடுத்துட்டீங்க, விடுங்க என்றேன். சிரிப்பு வந்து தையலைப் பிடித்துக்கொண்டார். மூதேவி, சிரிக்க வைக்காதடி என்று ஏசினார். அப்பாடா என்றிருந்தது எனக்கு.

பக்கத்துக் கட்டிலில் கல்கத்தாப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா இருந்தார். வார்டில் அவரோடு பேச யாருமில்லை. வீட்டுக்கு அனுப்பப் போகிற அன்று நான் ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு சுடுதண்ணீர் வாங்கக் கீழே போனேன். திரும்பி வரும்போது திரைக்கு இந்தப் பக்கமே பேச்சுக் குரல் கேட்டது. யாரோ நல்ல தீவு ஹிந்தி பேசுகிறார்கள், சரளமாக, எங்கள் ஜெட்டியில் பேசுகிற அதே இழுவையோடு. நம் ஊர் ஆள் போலிருக்கிறதே என்று சந்தோஷமாகத் திரையை விலக்கப் போனேன். குரல் அக்காவுடையது.

“மேரி சகி பஹன் ஹை. கரம் பானி லேனே கயீ ஹை.”

என் கூடப் பிறந்தவள், சுடுதண்ணீர் எடுக்கப் போயிருக்கிறாள் என்கிறார். ஃபிளாஸ்க்கைக் கீழே வைக்கவும் தோன்றாமல் நின்றேன். என்னைப் பார்த்ததும் அவர் பேச்சை நிறுத்தினார். அந்தக் கல்கத்தா அம்மாளும் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

உங்களுக்கு ஹிந்தி தெரியுமா என்று கேட்டேன். ரப்பர் தோட்டத்து சூப்பர்வைசர் ஹிந்தியிலதான் ஏசுவான், தெரியாம எப்படி இருக்கும் என்றார், போர்வையை மடித்துக்கொண்டே. அப்படியானால் கேம்ப்பில்?

“தெரிஞ்சுதான் சொன்னேன். நீ வாயத் தெறக்காம உக்காந்திருந்த. தனியா விட்டா எங்க கொண்டு போவாங்களோன்னு இருந்துச்சு. பெறகு சொல்லிச் சொல்லி எனக்கே நெசமாப் போச்சு. அந்த டாக்டரம்மா சொன்னதும், ஐயோ புள்ளைக்கும் வந்துருமேன்னு பதறிட்டேன். வேற ரத்தம்னு நீ சொன்னப்பதான் நெனப்பே வந்துச்சு.”

ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. ரேஷன் வரிசையில் முழித்த முழி, மருந்துக்கடை, பஸ், வீட்டுக்காரர் சண்டை, இத்தனை வருஷமும் என்னைக் கூட்டிக்கொண்டு போய் முன்னால் நிறுத்தியது எல்லாம் எதற்கு என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது. நர்ஸ் எட்டிப் பார்த்தார்.

அக்கா என் கையிலிருந்த ஃபிளாஸ்க்கை வாங்கிக் கட்டிலில் வைத்தார்.

“நான் பேசியிருந்தா, நீ பேசியிருப்பியா புள்ள?”